நாலே முக்கால் மணிக்குப் போகிற லைன்

பம்மலில் மே மாதத்தில் மொட்டை மாடி ஏறுகிறவன் ஒன்று வடகம் காயப்போடுகிறவனாக இருக்கவேண்டும், இல்லை கேபிள்காரனாக இருக்கவேண்டும். வடகம் போடுகிறவர்களாவது விடியற்காலையில் ஏறி ஏழு மணிக்கு இறங்கிவிடுவார்கள். ஜெயவேலுவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கும் தளம் தோசைக்கல்லாகச் சுட்டுக்கொண்டிருந்தது. ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் குந்தியபடி, ஒயர் முனையை மீட்டரில் செருகிப் பார்த்தான். முள் நிற்கவேண்டிய இடத்தில் ஜம்மென்று நின்றது.

"அக்கா, லைன் ராஜா மாதிரி கீது!" என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே கத்தினான்.

கீழே ஷரீஃபா முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "நீ வந்தா இருக்குது தம்பி. நீ போனா போயிடுது. உன்னை இங்கயே கட்டிப் போட்டுடலாமா?"

"போடுங்க. மூணு வேளை சோறு மட்டும் கரெக்டா வந்துடணும்."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவனுக்கு உள்ளுக்குள் எரிந்தது. பத்து வருஷமாகக் கேபிள் இழுக்கிறவன். டிவிக்கு இழுத்த அதே ஒயரில் இப்போது இன்டர்நெட்டும் விடுகிறான். மீட்டர் நன்றாக இருக்கிறது என்கிறது, வீட்டுக்காரர்கள் இல்லை என்கிறார்கள். இதைவிடப் பேஜார் பிடித்த வேலை உலகத்தில் உண்டா? அறுந்த ஒயரைக் கட்டலாம், நனைந்த ஒயரை மாற்றலாம். ஆள் வந்ததும் நல்லபிள்ளையாக எழுந்து நிற்கிற கோளாறை என்ன செய்வது?

ஷரீஃபாவின் மகள் மாஹிரா வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை பார்த்தாள். இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரில் பல் ஆஸ்பத்திரி. அங்கே யாருக்காவது பல் வலித்து போன் செய்தால், அது கேபிள் வழியாகப் பம்மலுக்கு வந்து மாஹிராவின் காதில் மணியடிக்கும். அவள் இங்கிலீஷில் இதமாகப் பேசி, டாக்டரிடம் நேரம் குறித்துக் கொடுப்பாள். மத்தியானம் ஒன்றரைக்குத் தொடங்கினால் இரவு பத்துவரை. தெரு நாய்ச் சத்தம்கூட வெள்ளைக்காரன் காதில் விழக்கூடாது என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் ஜன்னலில் பழைய மெத்தையை நிறுத்தி வைத்து, கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, மின்விசிறியையும் அணைத்துவிட்டுத்தான் உட்காருவாள். வெளியே வரும்போது குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள்.

அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவள் அத்தா காஜா இருபத்திரண்டு வருஷம் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். ஷாப் மூடியபிறகு படப்பையில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கப் போகிறார். முதுகு பிடித்துக்கொண்டால் போகமாட்டார். முதுகு வாரத்துக்கு மூன்று நாள் பிடித்துக்கொண்டது.

இரண்டு மாதமாக மாஹிராவின் போன் பேசும்போதே பாதியில் செத்துப்போனது. தினமும் இரண்டு முறை, மூன்று முறை. மோடத்தில் விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாக மினுக்கி மறுபடி எரிவதற்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். அதற்குள் பல்வலிக்காரன் கோபத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருப்பான். அவள் ஜெயவேலுவைக் கூப்பிடுவாள். அவன் வசூல் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேருவதற்குள் லைன் வந்திருக்கும்.

அவனும் செய்யாதது இல்லை. கனெக்டரை மாற்றினான். ஒயரைப் பிரிக்கிற டப்பாவைப் பிடுங்கிப் புதிது போட்டான். அணில் கடித்திருக்கும் என்று கம்பத்திலிருந்து வீடுவரை ஒயரையே மாற்றினான். டிவியைக் கழற்றிப் பார்த்தான். தன் வீட்டு மோடத்தைக் கொண்டுவந்து மாட்டினான். பக்கத்து வீடுகளில் விசாரித்தான். பள்ளிவாசலை ஒட்டி உள்ளே போகிற சந்து அது. ஆறு வீடு, ஆறும் பாய்மார் வீடு. டிவி அருமையாகத் தெரிகிறது என்று ஆறு வீட்டிலும் சொன்னார்கள்.

"அப்போ உன் கம்ப்யூட்டர்தான் பாப்பா" என்றான் மாஹிராவிடம்.

"கம்ப்யூட்டரையும் கம்பெனில மாத்திக் குடுத்துட்டாங்கண்ணா."

"அப்போ லண்டன்லயே எதுனா கோளாறு."

ஷரீஃபா அவனுக்கு சப்ஜா விதை போட்ட சர்பத்தை நீட்டினாள். "லண்டன்லயும் உன்ன மாதிரி ஒருத்தன் மாடில உக்காந்துகினு, பம்மல்லதான் கோளாறுன்னு சொல்லிகினு இருப்பான்" என்றாள்.

* * *

அந்தத் திங்கட்கிழமை வேதசிரோமணி சாரிடமிருந்து ஜெயவேலுவுக்குப் போன் வந்தது. மாஹிராவுக்கு வேலை கொடுத்தவர் அவர்தான். சேலையூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஆபீஸ். வீட்டிலிருந்தே போன் எடுக்கிற பெண்கள் இருபது பேரை வைத்து நடத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பு, நேரந்தவறாமை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச். நல்ல மனுஷர். தான் நல்ல மனுஷர் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது, அதுதான் கொஞ்சம் சிக்கல்.

"ஜெயவேலு, உண்மையைச் சொல்லணும். மாஹிரா வீட்டு லைன்ல பிரச்சினை இருக்கா, இல்லையா?"

"நம்ம லைன்ல ஒண்ணும் இல்ல சார். க்ளியர்" என்றான் ஜெயவேலு. யோசிக்கவே இல்லை. பம்மலிலும் அனகாபுத்தூரிலும் இன்னும் பதினைந்து பெண்களை வேலைக்கு எடுக்கப்போவதாகவும், லைன் எல்லாம் ஜெயவேலுவுக்குத்தான் என்றும் சார் போன மாதம் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவரிடம் நம் லைன் சந்தேகம் என்று எந்தப் பைத்தியக்காரன் சொல்வான்?

"நிச்சயமா?"

"மூணு தபா மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன் சார்."

"சரி. எனக்கு அது போதும்."

எதற்குப் போதும் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. புதன்கிழமை காலை அவன் சந்துக்குள் நுழைந்தபோது மாஹிரா வாசலிலேயே நின்றிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"லைன் க்ளியர்னு சார்கிட்ட சொன்னீங்களாண்ணா?"

"ஏன், இன்னாச்சு?"

"போன் கட்டான நேரத்தையெல்லாம் லிஸ்ட் எடுத்திருக்கார். நாலே முக்கால், ஆறு இருபத்தஞ்சு, ஏழே முக்கால். எல்லாம் பாங்கு நேரமாம். பாங்கு சொன்னதும் நான் ஒயரப் புடுங்கிட்டுத் தொழப் போயிடுறேனாம். திரும்பி வந்து லைன் போச்சுன்னு கதை விடுறேனாம்."

ஜெயவேலு வாயைப் பிளந்தான்.

"தொழுறதைத் தப்புன்னு சொல்லலம்மா, கேட்டிருந்தா நானே அனுப்பியிருப்பேன், ஆனா பொய் சொல்றவங்க எனக்கு வேணாம்ங்கிறார். சத்தியமா லைன்தான் சார் போவுதுன்னேன். கேபிளுக்கும் தொழுகை இருக்காம்மான்னு கேக்கிறார்."

உள்ளேயிருந்து ஷரீஃபா வந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நீயே சொல்லு தம்பி, இந்த அநியாயத்த எங்க போயி சொல்றது? இவ அந்த ரூமுக்குள்ள போனா தொழுகையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு வந்து எல்லாத்தையும் சேத்துத் தொழுவா. அதுவும் தூக்கத்துல சாமியாடிகினு. நேரத்துக்குத் தொழமாட்டேங்கிறியேடின்னு நான் தினம் தினம் சண்டை போடுறேன் இவளோட. அந்த மனுஷன் என்னடான்னா தொழுதா, தொழுதான்னு வேலைய விட்டு அனுப்புறேங்கிறார்!"

"இன்னிக்கு நாலே முக்காலுக்கு நான் இங்கயே இருக்கேன்க்கா" என்றான் ஜெயவேலு.

சொன்னபடி நாலரைக்கே மாடியேறி உட்கார்ந்துகொண்டான். பல்லாவரத்து மலைப்பக்கம் வானம் புழுதி நிறத்தில் கிடந்தது. காற்று அசையவில்லை. மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்திருந்தான். பள்ளிவாசல் ஒலிபெருக்கி லேசாகக் கரகரத்தது. பாங்கு தொடங்கியது. முள் தொபுக்கென்று விழுந்தது.

ஜெயவேலுவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மீட்டரைத் தட்டிப் பார்த்தான். செத்த முள் செத்த முள்தான். சந்தில் எட்டிப் பார்த்தால் ஒருவரும் வெளியே வந்து கேபிள் போச்சு என்று கத்தவில்லை. ஏன் கத்தவில்லை? அப்போதுதான் உறைத்தது. பாங்கு சொன்னால் ஆறு வீட்டிலும் டிவியை அணைத்துவிடுவார்கள். அணைத்த டிவியில் கேபிள் போனதும் வந்ததும் யாருக்குத் தெரியும்?

ஒயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனான். மாடி மாடியாகத் தாண்டி, அந்த ஆறு வீட்டுக்கும் வெளியே, சந்து முனையில் பள்ளிவாசலை ஒட்டினாற்போல் இருந்த புஷ்பத்தின் வீட்டில் போய் நின்றது. அங்கேதான் அவனுடைய பூஸ்டர் பெட்டி இருந்தது. தூரம் போகப்போக லைன் பலவீனமாகும். நடுவில் எங்காவது ஒரு பெட்டி வைத்து ஏற்றிவிடவேண்டும். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். கேபிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்: ஏதாவது ஒரு வீட்டில் பெட்டியை மாட்டி, அந்த வீட்டுக் கரண்டிலேயே ஓட்டி, பதிலுக்கு அவர்களுக்கு டிவி கனெக்ஷனை இலவசமாகக் கொடுத்துவிடுவது.

ஜெயவேலு செருப்பைக்கூடக் கழற்றாமல் புஷ்பத்தின் வீட்டுக்குள் போனான். புஷ்பம் தனியாளாக இருந்து, புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். மடியில் ஒரு பட்டுப்புடவை கிடக்க, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். எதிரே டிவி அணைந்திருந்தது. சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. அதே சுவிட்சில்தான் மூன்று வருஷத்துக்கு முன் தன் பெட்டியின் ஒயரையும் சேர்த்து முறுக்கி விட்டுப்போயிருந்தான் அவன்.

"உஸ்" என்றாள் புஷ்பம் உதட்டில் விரலை வைத்து. "பாங்கு முடியட்டும்."

முடிந்தது. அவள் எழுந்து சுவிட்சைப் போட்டாள். சீரியலில் யாரோ அழுகிற சத்தம் கேட்டது.

"எக்கா, ஏன் சுவிட்ச அணைக்கிறீங்க? ரிமோட்ல அணைக்கக்கூடாதா?"

"ரிமோட்டு கீழ விழுந்து போயி ரெண்டு மாசமாவுது. டிவில இருக்கிற பட்டனும் உள்ள போயிடுச்சு. அதான் சுவிட்ச அணைச்சிடுறது. பள்ளிவாசலுக்குச் சுவத்த ஒட்டி இருக்கேன், அவங்க பாங்கு சொல்றப்ப நான் சீரியல் போட்டுகினு கெடந்தா நல்லாவா இருக்கும்? எங்க வூட்டுக்காரரு செத்தப்ப சவப்பொட்டிய தூக்கினதே இந்தச் சந்துப் பசங்கதான்பா." அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன், எதுனா தப்பா?"

அது என்ன பெட்டி என்று மாட்டிய அன்றைக்கே அவள் கேட்டிருந்தாள். சந்து முழுக்க இதில்தான் ஓடுகிறது என்று சொன்னால் கரண்ட் பில்லைக் கேட்பாளோ என்று பயந்து, "உங்க டிவி பளிச்சுன்னு தெரியறதுக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இப்போதும் அதையே செய்தான். "தப்பு இன்னாக்கா, ஒயர் லூசா கீது, மாத்தி வுடுறேன்" என்றான். அரை மணி நேரத்தில் பெட்டிக்குத் தனி ப்ளக் போட்டு, புஷ்பம் டிவியை அணைத்தாலும் பெட்டி அணையாதபடி செய்துவிட்டான்.

அன்று ஆறு இருபத்தைந்துக்குப் பாங்கு சொன்னார்கள். லைன் போகவில்லை. ஏழே முக்காலுக்கும் போகவில்லை.

"என்ன தம்பி பண்ண? என்னா கோளாறு?" என்றாள் ஷரீஃபா, முகமெல்லாம் சிரிப்பாக.

"கனெக்டர்ல துருக்கா."

"அல்லா உன்னை நல்லா வெப்பான். உன் புள்ளைங்க நல்லா இருக்கும்."

அவனுக்கு அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. இருந்தாலும் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான். கோளாறு தீர்ந்துவிட்டது. வேலை பிழைத்தது. பதினைந்து வீட்டு லைனும் பிழைத்தது. யாருக்கு என்ன நஷ்டம்?

* * *

நஷ்டம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெரிந்தது. அவன் கடைத் தெருவில் வசூலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஷரீஃபா கூப்பிட்டாள். போனில் அவள் சத்தம் அவளுடையதாகவே இல்லை.

"தம்பி, மாஹிரா சேலையூர் போயிட்டா. வேலைய விடுறேன்னு கையெழுத்துப் போட."

"ஏன்க்கா? அதான் லைன் சரியாயிடுச்சே!"

"அதுதாம்பா வந்தது வெனை. நேத்து ஒரு தடவகூட போன் கட்டாவலியா, ராத்திரி அந்த சார் கூப்புட்டாரு. பாத்தியாம்மா, நான் கண்டிச்சு ரெண்டே நாள்ல ஒரு கட்டும் இல்ல, அப்போ இத்தினி நாளா நீதான பண்ணிகினு இருந்தன்னு கேக்குறாரு. இவ என்ன பதில் சொல்லுவா? கனெக்டர்ல துருன்னு சொன்னா. துரு பாங்கு நேரம் பாத்துதான் புடிக்குமான்னு சிரிச்சாராம். கம்ப்யூட்டர் மெஷினை எடுத்துகினு போவ மத்தியானம் ஆளு வருது."

ஜெயவேலு நடுத்தெருவில் நின்றுவிட்டான். தான் சத்தமில்லாமல் சரிசெய்ததுதான் அவள் கழுத்தில் சுருக்காக விழுந்திருக்கிறது. அந்த நிமிஷம் அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

"எக்கா, மெஷினை யாருக்கும் குடுக்காதீங்க. மோடம் ஓடட்டும். அந்த ரூம்லயே உக்காருங்க. போன் அடிச்சா எடுங்க."

"எனக்கு அதெல்லாம்..."

"பச்சை பட்டனை அமுத்துங்க, போதும்!"

நேரே புஷ்பத்தின் வீட்டுக்கு ஓடினான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான். பெட்டி எதற்கென்று சொன்னான், தான் சொன்ன பொய்யைச் சொன்னான், மாஹிராவுக்கு நேர்ந்ததைச் சொன்னான். புஷ்பம் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"அடப்பாவி! அந்தப் பொண்ணு வேலைய நானா கெடுத்தேன்? கர்த்தரே! மூணு வருஷமா என்னை இன்னாத்துக்குடா மடச்சியாவே வெச்சிருந்த? சொல்லியிருந்தா நான் தொடுவனா அந்த சுவிட்ச?"

"திட்டறதெல்லாம் அப்பால திட்டுக்கா. நான் போன் பண்ணும்போது தனி ப்ளக்கப் புடுங்கணும். அவ்ளோதான்."

பல்லாவரம் ஸ்டேஷனில் டிவிஎஸ் வண்டியைப் போட்டுவிட்டு மின்சார ரயில் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி, சேலையூர் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. மாஹிரா வேதசிரோமணி சாரின் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் ஒரு தாள். இன்னும் கையெழுத்து விழவில்லை.

"சார், அவ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்" என்றான் ஜெயவேலு வாசலிலிருந்தே.

நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெயவேலு, திங்கட்கிழமை லைன் க்ளியர்னு சொன்னே. இன்னிக்கு கோளாறுங்கிறே. பொண்ணு அழுதுது, உனக்கு மனசு இளகிடுச்சு. எனக்குப் புரியுது."

"எம் பேச்ச நம்பாதீங்க சார். நம்புறதுக்கு நான் ஒண்ணும் பெரிய யோக்கியன் இல்ல. இப்போ மணி பதினொண்ணு. பாங்கு இல்ல, ஒண்ணும் இல்ல. மாஹிரா உங்க எதுர்ல கீது. அவ வூட்டு மெஷினுக்கு இங்கேர்ந்து போன் போடுங்க."

சார் மேஜைப் போனில் நம்பரை அழுத்தி, சத்தமாகக் கேட்கிற பட்டனையும் அழுத்தினார். மூன்று முறை மணி அடித்தது.

"அலோ! யாரு? நான் பச்சையத்தான் அமுத்தினேன்."

"நான் வேதசிரோமணி பேசுறேன்மா. மாஹிராவோட அம்மாவா?"

"ஆமா சார். அவ அம்மாதான்." ஷரீஃபா அணை உடைந்த மாதிரி ஆரம்பித்தாள். "சார், நீங்க படிச்சவங்க. நான் ஒண்ணு கேக்குறேன். எம் பொண்ணு வேல நேரத்துல தொழுறதே இல்ல சார். அதுக்கு அவகிட்ட நான் பேசாமக்கூட இருந்திருக்கேன். மூணு நாள். சாப்பாடு போட்டு வெச்சிட்டு மூஞ்சியப் பாக்காம போயிடுவேன். அல்லாகிட்ட நாளைக்கு என்னடி பதில் சொல்லுவேன்னு கேட்டா, அம்மா, பேசிகினு இருக்கிறவங்க பாதில நிக்கக்கூடாதும்மா, பல்லு வலியில இருப்பாங்கம்மான்னு சொல்லுவா. அப்படிப்பட்டவள நீங்க..."

ஜெயவேலு தன் செல்போனில் புஷ்பத்தைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான். "எக்கா, புடுங்குங்க."

மேஜைப் போன் செத்தது. ஷரீஃபாவின் சத்தம் அந்தச் சொல்லோடு நின்றது. ஆபீசில் வேலையாக இருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேதசிரோமணி சார் நம்பரைத் திரும்ப அழுத்தினார். போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். அதற்கப்புறம் கையை எடுத்துவிட்டார். மேஜைமேல் இருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்து, குப்பைக்கூடையில் போட எழுந்தவர், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"மாஹிரா, நான் உன்னை ரொம்பத் தப்பா..." என்றார். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கவைத்தே பழகியவர். தானே கேட்கத் தெரியவில்லை. கண் மட்டும் கலங்கியது. "இனிமே அந்த நேரத்துல பத்து நிமிஷம் எடுத்துக்கோம்மா. வேற பொண்ணு போனைப் பாத்துக்கும். உங்க அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

"சரி சார்" என்றாள் மாஹிரா.

ஜெயவேலுவை அவர் தனியாக வெளியே கூப்பிட்டார். "அந்தப் பதினஞ்சு லைனை நான் வேற ஆள்கிட்ட குடுக்கப்போறேன்."

"சரி சார்" என்றான் அவனும்.

* * *

தாம்பரம் ஸ்டேஷனில் சென்னை பீச் போகிற ரயில் வர நேரமிருந்தது. பிளாட்பாரத்துத் தகரக் கூரை அனலாகக் கொதித்தது. ஜெயவேலு இரண்டு பாட்டில் மோர் வாங்கிவந்து ஒன்றை அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. பெஞ்சின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவன். புஷ்பத்துக்குப் போன் போட்டுப் ப்ளக்கை மாட்டச் சொல்லிவிட்டான். ஷரீஃபாவுக்கும் சொல்லியாயிற்று. அவள் போனிலேயே ஓவென்று அழுதுவிட்டு, புஷ்பத்தைப் பார்க்கப் போகிறேன் என்று வைத்துவிட்டாள்.

"அண்ணா" என்றாள் மாஹிரா. "கனெக்டர்ல துருன்னு புதன்கிழமை அம்மாகிட்ட சொன்னீங்களே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பத்து வருஷத்துப் பழக்கம், தானாக வந்து நின்றது. அவன் அதை விழுங்கினான்.

"தெரியும் பாப்பா."

அவள் தலையை ஆட்டினாள். கோபமாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து ராத்திரி சார் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சுண்ணா" என்றாள் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே. "கரெக்டா பாங்கு நேரம். நேத்து மட்டும் ஒண்ணுமே ஆகல. அப்போ நான்தான் என்னமோ பண்றேனோ, தொழணும்னு மனசுக்குள்ள இருந்து, என்னையும் அறியாம என் கை அந்த ஒயரை இழுக்குதோன்னு. விடிய விடிய உக்காந்து என் கையையே பாத்துகினு இருந்தேண்ணா."

ஜெயவேலு தன் மோர் பாட்டிலைத் திறக்காமலே பெஞ்சில் வைத்தான்.

ரயில் வந்து நின்றது. மாஹிரா எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "ஒன்றரைக்கு ஷிஃப்ட்டுண்ணா. லைன் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பெண்கள் பெட்டியை நோக்கி வேகமாக நடந்தாள்.

அவனும் அதே ரயிலில்தான் போகவேண்டும். அடுத்த பெட்டி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் நின்றது. அவன் ஏறவில்லை. ரயில் கிளம்பிப் போனபிறகும் ஜெயவேலு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தான்.